கோல் யாருடையது?

செங்கோல், கொடுங்கோல், துலாக்கோல், அளவுகோல்! ஆளும் கோலுக்கும் அளக்கும் கோலுக்கும் தமிழில் ஒரே சொல். தற்செயல் என்பர் சிலர். என்னட்டும். தஞ்சைத் தரணியின் நெற்களத்தில் வியர்வை வழிய நின்ற உழைப்பாளியைக் கேட்டிருந்தால், அளப்பவனே ஆள்பவன் என்று அவன் சொல்லியிருப்பான்.

நெல்லை வாங்க ஒரு மரக்கால். கூலி நெல்லைக் கொடுக்க வேறொரு மரக்கால். முன்னது பெருத்திருக்கும்; பின்னது சிறுத்திருக்கும். இரண்டுக்கும் பெயர் மட்டும் ஒன்றே! 1940களில் பண்ணையாட்கள் சங்கமாகத் திரண்டபோது, அவர்கள் எழுப்பிய கோரிக்கைகளுள் ஒன்று, முத்திரை மரக்காலால் அளக்க வேண்டும் என்பது. கூலியை உயர்த்து என்று கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. கூலியை அளக்கும் கருவியின் யோக்கியதையையும் கேட்டனர். பள்ளிக்கூடத்தின் வாசற்படியைக்கூட மிதிக்க விடப்படாத அந்த மக்கள் கேட்ட கேள்விதான், அளவியல் என்னும் விஞ்ஞானத்தின் முதற் கேள்வி: “உன் அளவு சரியென்று எதைக் கொண்டு சொல்கிறாய்?”

தோழர்களே, அந்தக் கேள்விக்கு மனித குலம் விடை கண்ட கதை நெடியது. அதில் ஓர் அத்தியாயம் நம் பழனி மலைத் தொடரின் உச்சியில், கோடைக்கானலில் எழுதப்பட்டது. நம்மில் பலர் அந்த ஊரை ஏரிக்காகவும் பனிமூட்டத்துக்காகவும் மட்டுமே அறிவோம். அங்கே ஒரு கண்ணாடித் தகட்டில் சூரியனின் ஒளி அளக்கப்பட்ட வரலாற்றை அறிந்தவர் சிலரே.

மன்னன் கோல்

சோழப் பேரரசு நிலத்தை அளந்தது. அளந்த கோலுக்கு ‘உலகளந்த கோல்’ என்று பெயர் சூட்டிற்று. பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல், பதினெண் சாண் கோல் எனக் கல்வெட்டுகள் பல கோல்களைப் பேசுகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலோ ‘ஆடவல்லான்’ என்னும் மரக்கால் வருகிறது. அதே பெயருடைய நிறைகல்லும் வருகிறது. கோலின் நீளத்தைக் கோயிற் சுவரில் கோடாகச் செதுக்கி வைக்கும் வழக்கமும் இருந்தது.

நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. அளவு ஒளித்து வைக்கப்படவில்லை. ஊரறியக் கல்லிலே நின்றது. ஆனால், அந்தச் சுவரருகே சென்று தன் கோலை வைத்துப் பார்க்கும் உரிமை, அந்த நிலத்தை உழுதவர்களில் எத்தனை பேருக்கு இருந்தது? கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது என்று விலக்கப்பட்டவனுக்கு, கோயிற் சுவரில் இருக்கும் அளவு ஊரளவு ஆகுமா? அளவு பொதுவாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் சோதிக்கும் உரிமையும் பொதுவாக இருக்க வேண்டும்.

வெள்ளையன் ராத்தல்

கும்பினி வந்தது, கோல் கை மாறிற்று. சென்னைக் கணக்கில் மூன்று ரூபாய் எடை ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. அந்த ரூபாயின் எடை 180 கிரெயின். கிரெயினுக்குச் சான்று எங்கே? லண்டனில்! கொத்தவால் சாவடியில் புளி நிறுத்தவனின் தராசு, அவன் அறியாமலே, தேம்ஸ் நதிக்கரையில் பூட்டி வைத்த ஓர் உலோகக் கட்டியோடு பிணைக்கப்பட்டிருந்தது.

அந்தச் சான்றாவது நிலையாக இருந்ததா? 1834ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் மாளிகை தீப்பிடித்து எரிந்தது. பழைய கணக்குக் குச்சிகளை அடுப்பிலிட்டு எரித்ததால் மூண்ட தீ அது. கணக்குக் கோல்கள் எரிந்தன. அவற்றோடு சேர்ந்து, உலகின் கால் பங்கை அளக்கவிருந்த கஜக்கோலும் ராத்தல் கல்லும் கெட்டழிந்தன!

இப்படி நேரலாம் என்று எதிர்பார்த்து, 1824ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவர்கள் ஒரு வழி வகுத்திருந்தனர். கஜக்கோல் தொலைந்தால், லண்டனில் நொடிக்கு ஒரு வீச்சு ஆடும் ஊசலின் நீளத்தைக் கொண்டு அதைத் திரும்பச் செய்துகொள்ளலாம் என்பது அந்த வழி. மன்னன் கையை விட்டு இயற்கையின் கையில் அளவை ஒப்படைக்கும் எண்ணம்! அந்த ஆராய்ச்சியில் சென்னைக்கும் பங்குண்டு. நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையத்தில் இருந்த ஜான் கோல்டிங்ஹாம், 1821ஆம் ஆண்டில் ஊசலை ஆட்டி அதன் நீளத்தை அளந்தார். லண்டனில் நொடிக்கு ஆடும் ஊசலைவிடச் சென்னையின் ஊசல் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் குறுகியது. புவியின் ஈர்ப்பு ஊருக்கு ஊர் மாறுகிறது. துருவத்தை நோக்கிப் போகப் போகக் கூடுகிறது. ஆகவே ஊசலை நம்பினால், லண்டனின் ஊசல்தான் சான்று என்று மறுபடியும் ஒரு நகரத்துக்கே முடி சூட்ட வேண்டும்.

தீக்குப் பின்னர் கூடிய குழுவினர் அந்த வழியையும் கைவிட்டனர். ஊசற் கணக்கில் செய்த திருத்தங்கள் பிழையானவை என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. எஞ்சிய நகல்களை ஒப்பிட்டே புதுக் கஜக்கோலை ஆக்கினர். இயற்கையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் மட்டும் போதாது. அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கானலில் இது மீண்டும் வரும்.

மண்ணிலிருந்து ஒளிக்கு

பிரெஞ்சுப் புரட்சியாளரும் இதே கனவைக் கண்டனர். ஊருக்கு ஓர் அளவு, பிரபுவுக்கு ஓர் அளவு என்றிருந்த நாட்டில், வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கே மீட்டர் என்றனர். பூமியை அளந்தனர், அளந்ததில் சிறு பிழை. ஐந்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்த அந்த நீளமே மீட்டராக நிலைத்தது. 1889ஆம் ஆண்டு முதல் பாரிஸ் அருகே ஒரு பிளாட்டின இரிடியக் கோலே மீட்டர் என்றாயிற்று. பூமியில் தொடங்கிய பயணம் மறுபடியும் பூட்டிய பெட்டிக்குள் போய் முடிந்தது.

இதற்கெல்லாம் முன்னரே, 1870ஆம் ஆண்டில், ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் ஒரு கருத்தைச் சொல்லியிருந்தார். பூமி சுருங்கலாம், அதன் சுழற்சி மாறலாம். ஆனால், ஓர் அணுத்திரள் இன்னொன்றைப் போலவே அச்சாக இருக்கிறது. மாறாத அளவு வேண்டுமானால் அங்கே தேடுங்கள் என்றார். தேடினர். காட்மியம் என்னும் உலோகத்தின் ஆவி ஒளிரும்போது ஒரு தூய சிவப்பு ஒளி பிறக்கிறது. 1892-93இல் ஆல்பர்ட் மைக்கெல்சன் பாரிசுக்கு வந்து, அந்தச் சிவப்பு ஒளியின் அலைகள் எத்தனை சேர்ந்தால் ஒரு மீட்டர் என்று எண்ணினார். பதினைந்து லட்சத்து ஐம்பத்து மூவாயிரத்துச் சொச்சம்! பாரிஸின் கோல் எரிந்தாலும் உருகினாலும், காட்மியம் கிடைக்கும் எந்த ஊரிலும் இனி அதைத் திரும்ப ஆக்கலாம்.

பஞ்சம் எழுப்பிய நிலையம்

அந்த ஆண்டுகளில் தமிழகம் எப்படி இருந்தது? தாது வருஷப் பஞ்சத்தின் வடு இன்னும் ஆறவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மக்கள் லட்சக்கணக்கில் மடிந்தனர். நிவாரண வேலையில் கல் உடைத்தவனுக்கு, நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். வெயிலில் உழைப்பவன் உடலுக்கு அது காணாது என்று சுகாதார அதிகாரி கார்னிஷ் எதிர்த்தார். ராத்தல் துல்லியமாகத்தான் இருந்தது, தோழர்களே! லண்டனில் சரிபார்த்த ராத்தல்! அளவு சரி, அளித்த நீதி பிழை. இதையும் மறவாதீர்கள்.

பஞ்சத்துக்குப் பின் ஒரு கேள்வி எழுந்தது. பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டோ? அதை ஆராய, தென்னாட்டில் தூசி குறைந்த மலையுச்சி ஒன்று வேண்டும். மிச்சி ஸ்மித் என்பவர் பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் தேடினார். 1893இல் கெல்வின் தலைமையில் கூடிய குழு கோடைக்கானலைத் தேர்ந்தது. 1899இல் நிலையம் அமைந்தது. 1901இல் ஆராய்ச்சி தொடங்கியது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரம். அன்று மலைக்கு மோட்டார் சாலை இல்லை. அடிவாரத்திலிருந்து மனிதனும் சுமையும் ஏறியது மனிதத் தோளின் வலிமையால்தான். விஞ்ஞானியின் பெயரை வரலாறு பொறித்தது. சுமந்தவனின் பெயர் ஏட்டில் ஏறவில்லை.

பஞ்சத்தை முன்னறியும் மந்திரம் எதுவும் அங்கே கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று.

சூரியனில் இரும்பு

சூரிய ஒளியை ஒரு சிறு பிளவின் வழியே விட்டுப் பிரித்தால், வானவில்லின் நிறங்கள் விரியும். அவற்றின் நடுவே ஆயிரக்கணக்கான கருங்கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு தனிமத்தின் கையெழுத்து. நம் கொல்லன் உலையில் காய்ச்சும் இரும்பு எந்தக் கோடுகளைக் காட்டுமோ, அதே கோடுகளைச் சூரியனும் காட்டுகிறது. ஏழு குதிரை பூட்டிய தேரில் பவனி வருகிறான் என்று கதை சொன்னோமே, அந்தக் கதிரவன் மேனியில் நம் கலப்பைக் கொழுவின் இரும்பு! விண்ணுக்கு ஒரு நீதி, மண்ணுக்கு ஒரு நீதி என்பது பௌதிகத்தில் இல்லை.

கோடுகள் கையெழுத்து என்றால், அவற்றின் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க ஒரு கோல் வேண்டும். ஒரு மீட்டரை ஆயிரம் கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஓர் ஆங்ஸ்ட்ராம். அந்நாளில் உலகமே நம்பியிருந்தது அமெரிக்கரான ரோலண்ட் தொகுத்த அட்டவணையை. ஏறத்தாழ இருபதாயிரம் கோடுகள்! அரும்பெரும் உழைப்பு. ஆனால், பிரான்சில் ஃபாப்ரியும் பெரோவும் புதிய கருவியால் சோதித்தபோது, அதன் அடிப்படை அளவிலேயே பிழை கண்டனர். பெரியவர் சொன்னார் என்று எவரும் மூடி மறைக்கவில்லை. 1907இல் சூரிய ஆராய்ச்சிக்கான சர்வதேச ஒன்றியம் கூடி, காட்மியச் சிவப்புக் கோட்டின் அலைநீளம் 6438.4696 ஆங்ஸ்ட்ராம் என்று வரையறுத்தது. அதைக் கொண்டு இரும்பின் கோடுகள் அளக்கப்பட்டன. இரும்பின் கோடுகளைக் கொண்டு சூரியன் அளக்கப்பட்டது.

பாருங்கள் சங்கிலியை! சூரியனின் கோட்டுக்குச் சான்று, மேசைமேல் மின்பொறியில் எரியும் இரும்பு. இரும்புக்குச் சான்று காட்மியம். காட்மியத்துக்குச் சான்று மீட்டர். ஒவ்வொரு கண்ணியையும் யார் வேண்டுமானாலும் பிடித்து இழுத்துப் பார்க்கலாம். முத்திரை மரக்கால் கேட்டவன் தேடியதும் இப்படியொரு சங்கிலியைத்தான்.

எவர்ஷெட் கண்டது

1907 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கோடைக்கானலுக்கு வந்தார். அவருடைய துணைவியார் மேரியும் வந்தார். சூரிய விளிம்பில் எழும் சுவாலைகளைப் பற்றித் தாமே ஆராய்ந்து எழுதிய அம்மையார் அவர். 1908இல் அமெரிக்காவில் ஹேல் என்பவர், சூரியனின் கரும்புள்ளிகளில் காந்தப் புலம் உண்டென்று கண்டுபிடித்தார். அங்கே வாயு சூறாவளிபோலச் சுழல்கிறது என்ற கருத்து பரவியது. அந்தச் சுழற்சியைக் காணலாம் என்று எவர்ஷெட் தம் கருவியைத் திருப்பினார்.

ரயில் நம்மை நெருங்கும்போது ஊதல் உயர்ந்தும், விலகும்போது தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? ஒளியும் அப்படியே. நம்மை நெருங்கும் வாயுவின் கோடு நீலப் பக்கம் நகரும். விலகும் வாயுவின் கோடு சிவப்புப் பக்கம் நகரும். 1909 ஜனவரி 5ஆம் நாள் எடுத்த படங்களில் கோடுகள் நகர்ந்திருந்தன. ஆனால், சுழல்வது போல அல்ல! புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாக, சூரியப் பரப்பை ஒட்டிப் பாயும் ஓட்டமாக அவை காட்டின. எதிர்பார்த்தது ஒன்று, எதிரில் நின்றது வேறு. அவர் எதிர்பார்ப்பைக் கைவிட்டார்; எதிரில் நின்றதை எழுதினார். இன்றும் உலக நூல்கள் அதை ‘எவர்ஷெட் விளைவு’ என்கின்றன.

அந்த ஓட்டத்தின் வேகம் நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவில் இருந்தது. கோட்டின் நகர்வோ ஓர் ஆங்ஸ்ட்ராமில் இருபத்தைந்தில் ஒரு பங்கு! மீட்டர்க் கணக்கில் சொன்னால், இருபத்தையாயிரம் கோடியில் ஒரு பங்கு. சூரியனுக்குக் கோலை எடுத்துச் சென்று அளந்தவர் எவர்? யாருமில்லை. கோடு எந்த விகிதத்தில் நகர்ந்ததோ, அதே விகிதம்தான் வாயுவின் வேகத்துக்கும் ஒளியின் வேகத்துக்கும். ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தால், ஒளியின் வேகத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு வேகம். பழனி மலைமேல் நின்று சூரியக் காற்றை அளந்த கோல், ஒளியின் வேகம் என்னும் இயற்கை மாறிலியே.

இனி, முன்னே சொன்ன குறுக்கு விசாரணை. 1911இல் கோடைக்கானல் வந்த தாமஸ் ராய்ட்ஸ், ரூதர்போர்டுடன் வேலை செய்தவர். சூரியனை அளக்கும் முன், அளக்கும் இரும்பையே அவர் சந்தேகித்தார். மின்பொறியின் எதிர்முனை அருகே இரும்பின் சில கோடுகள் இடம் பெயர்வதை 1914ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்தார். சாட்சியே சிறிது தடுமாறுகிறது! அப்படியானால் எந்தக் கோடு நம்பத்தக்கது, மின்பொறியின் எந்தப் பகுதியிலிருந்து ஒளியை எடுப்பது என்று வகுக்காமல் முடிவு கூறலாகாது.

ஏன் இவ்வளவு கவலை? ஐன்ஸ்டைன் ஒரு கணிப்பைச் சொல்லியிருந்தார். சூரியனின் ஈர்ப்பிலிருந்து தப்பி வரும் ஒளி சிறிது சிவப்புப் பக்கம் நகர வேண்டும். எவ்வளவு? 6000 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் 0.013 ஆங்ஸ்ட்ராம். எவர்ஷெட் கண்ட ஓட்டத்தின் நகர்விலும் மூன்றில் ஒரு பங்கு! சூரியப் பரப்பின் வாயு ஏறி இறங்கும் அசைவும் அதே அளவில் குழப்பும். எவர்ஷெட் முதலில் ஐன்ஸ்டைனை ஏற்கவில்லை. வாயு பூமியை விட்டு விலகி ஓடுகிறதோ என்றுகூட எண்ணினார்; அதைச் சோதிக்க, சூரியனின் மறுபுறத்து ஒளியைப் பிரதிபலிக்கும் வெள்ளிக் கோளைப் படமெடுத்தார். ஆண்டுகள் கழிந்தன, படங்கள் பெருகின. 1920களின் தொடக்கத்தில் சான்று சாய்ந்த பக்கம் தாமும் சாய்ந்தார்; ஐன்ஸ்டைனின் விளைவு அங்கே இருக்கிறது என்றார். முன்பு சொன்னதை மாற்றிச் சொல்வது மானக்கேடு என்று அவர் கருதவில்லை. அந்த நேர்மை, நம் மேடைகளுக்கும் வந்தால் நன்று!

உடைமையாளன் இல்லாத கோல்

1960ஆம் ஆண்டில், பாரிஸின் உலோகக் கோல் பதவி இழந்தது. கிரிப்டான் வாயுவின் ஒளியலைகள் 16,50,763.73 சேர்ந்தது மீட்டர் என்றாயிற்று. கோடைக்கானலில் வைணு பாப்பு பொறுப்பேற்றதும் அதே ஆண்டில்தான். 1967இல் நொடி, சீசியம் அணுவின் 919,26,31,770 அதிர்வுகள் என்றாயிற்று. 1983இல் ஒளியின் வேகமே நொடிக்கு 29,97,92,458 மீட்டர் என நிலைநிறுத்தப்பட்டு, மீட்டர் அதிலிருந்து பிறந்தது.

எஞ்சியது கிலோகிராம். 1889 முதல் பாரிஸ் அருகே இருந்த ஓர் உருளையே கிலோ. இந்தியாவுக்கு வந்த அதன் நகலின் எண் 57. தில்லியில் தேசிய பௌதிக ஆய்வகத்தில் உள்ளது. அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர், நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ஏறத்தாழ நூறாண்டு கழித்து மூல உருளையையும் நகல்களையும் ஒப்பிட்டபோது, ஒரு கிராமில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு வேறுபாடு தெரிந்தது. உருளை இளைத்ததா? நகல்கள் பெருத்தனவா? சொல்ல வழியில்லை! உருளையே கிலோ என்று சட்டம் சொன்னதால், அது தவறவே முடியாது. தனக்குத் தானே சான்று என்று நிற்கும் எதையும் சோதிக்க முடியாது; உருளையானாலும் சரி, ஏடானாலும் சரி, ஆளானாலும் சரி. 2019 மே 20ஆம் நாள் அந்த உருளையும் பதவி இறங்கியது. பிளாங்க் மாறிலி என்னும் இயற்கை எண்ணிலிருந்து இப்போது கிலோ பிறக்கிறது.

மன்னன் கோல் இல்லை. மிராசுதாரின் மரக்கால் இல்லை. லண்டனின் ராத்தலும் பாரிஸின் உருளையும் இல்லை. ஒளியின் வேகத்துக்குச் சாதி இல்லை. அதற்குள் எவரையும் நுழையவிடாமல் தடுக்கும் வாசற்காவலும் இல்லை.

ஆனால், களிப்பில் மயங்கிவிட வேண்டா. மாறிலி தானாக நடந்து நியாயவிலைக் கடைக்கு வராது. தில்லி ஆய்வகத்திலிருந்து மாநிலத்தின் படிக்கற்களுக்கும், அங்கிருந்து ஆய்வாளரின் பெட்டிக்கும், பெட்டியிலிருந்து கடைத் தராசின் முத்திரைக்கும் சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். 1956இல் நாடாளுமன்றம் மெட்ரிக் எடையளவுச் சட்டத்தை இயற்றியது. 2009இல் புதிய எடையளவுச் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. கடைசிக் கண்ணி, பை ஏந்தி நிற்கும் தாயின் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. அங்கே அறுந்தால், கோடைக்கானலின் துல்லியமும் பாரிஸின் தீர்மானமும் அவளுக்கு ஒரு பிடி அரிசி கூடத் தரா. பஞ்ச காலத்து ராத்தலையும் நினைவில் வையுங்கள்: சரியான அளவால் அநீதியான கூலியையும் அளக்கலாம். அளவு எவ்வளவு என்று இயற்கை சொல்லும். எவருக்கு எவ்வளவு என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆதலால், தோழர்களே, கோடைக்கானல் செல்லும்போது ஏரியில் படகு விட்டுத் திரும்பிவிடாதீர்கள். மேட்டில் இருக்கும் அந்த நிலையத்தையும் பார்த்து வாருங்கள். ஊர் திரும்பியபின், உங்கள் தெருக் கடையின் தராசருகே நின்று, இந்த ஆண்டு முத்திரை எங்கே என்று கேளுங்கள். நெற்களத்தில் நின்று முத்திரை மரக்கால் கேட்ட அந்த உழைப்பாளியின் கேள்வி அது. இன்னும் கேட்டு முடியவில்லை.